தோட்டாவை நாமே நிரப்பிக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கமுங்க. போன தடவை சுடும்போது மூச்சை எங்க நிறுத்தறதுன்னு பேசினோம், அதுக்கு வந்த கேள்வியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். மீனாட்சிபுரத்துல இருந்து ஒரு தம்பி ஒண்ணு கேட்டிருக்கான், அது மண்டையிலயே ஓடிட்டு இருக்குது. "சார், ஆயிரம் கஜத்துல சுடற வெளிநாட்டுப் போட்டிக்காரங்க தோட்டாவைக் கடையில வாங்காம தாங்களே நிரப்பிக்கிறாங்களாமே. காசு மிச்சம் பண்ணவா, வேகம் கூட்டவா? நாமளும் செய்யலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். கூடாது. கொழிஞ்சாம்பாறையில உக்காந்து கேட்டாலும் பொள்ளாச்சியில உக்காந்து கேட்டாலும் சட்டம் ஒண்ணுதான். 1959 ஆயுதச் சட்டம் அஞ்சாவது பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கக் கூடாது. போட்டிக்குத்தான் சார்னு சொன்னாலும் விட மாட்டாங்க. வெடிமருந்து எங்க கிடைக்கும்னு எனக்கு மெசேஜ் போட்டீங்கன்னா பிளாக் பண்ணிடுவேன், சொல்லிட்டேன்.

சரி, அவங்க ஏன் செய்யறாங்க? நான் எத்தனை தடவை சொன்னாலும் திரும்பச் சொல்லுவேன்: தோட்டா வேகமாப் போறது முக்கியமில்லீங்க, ஒவ்வொண்ணும் ஒரே வேகத்துல போகணும். ஒரு தோட்டாவுல என்ன இருக்குது? பித்தளைக் கூடு, அடியில துப்பாக்கி ஊசி அடிச்சதும் தீப்பிடிக்கற பிரைமர், உள்ள மருந்து, முனையில குண்டு. பால்மான்னு ஒரு போட்டி, 1876ல இருந்து இருக்குது, 800, 900, 1000 கஜம். அதுல பறக்கறது பெரும்பாலும் 155 கிரெய்ன் குண்டு, பத்து கிராம் சொச்சம். மருந்தை ஒரு கிரெய்ன்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும் நிறுத்துப் போடுவாங்க. ஆறரை மில்லிகிராமுங்க! சுட்ட கூடுகளையும் எடை வாரியாப் பிரிச்சு வெப்பாங்க, நம்ம பக்கம் விதைநெல்லு பொறுக்கற மாதிரி. கூட்டோட கனம் மாறினா உள்ள இடம் மாறும், இடம் மாறினா அழுத்தம் மாறும், அழுத்தம் மாறினா வேகம் மாறும். கூட்டோட கழுத்து குண்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்குதுங்கறதும் அப்படித்தான்.

கூடுன்னதும் ஞாபகம் வருது. பட்டாளத்துல நாங்க அதைக் கோக்கான்னுதான் சொல்லுவோம். சுட்டு முடிச்சதும் மொத்தப் பேரும் குனிஞ்சு புல்லுக்குள்ள கோக்கா தேடுவோம். ஒண்ணு கணக்குல குறைஞ்சாலும் வண்டி கிளம்பாது, சாப்பாடும் கிடையாது. அவங்க திரும்ப நிரப்பறதுக்காகப் பொறுக்கறாங்க, நாங்க கணக்குக் காட்டறதுக்காகப் பொறுக்கினோம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், நிறைய பேர் குழம்பறாங்க. நம்ம பசங்க 50 மீட்டர்ல சுடற, .22ன்னு சொல்ற சின்னத் தோட்டாவை யாரும் திரும்ப நிரப்பறதில்லை. அதுல பிரைமர் தனியா இல்லை, தீப்பிடிக்கற மசாலா கூட்டோட விளிம்புக்குள்ளயே இருக்குது. ஊசி அடிச்சதும் விளிம்பு நசுங்கிடும், கதை முடிஞ்சுது. அதனால அவங்க லாட் பார்த்து, அதாவது ஒரே தடவையில தயாரான தொகுதி பார்த்து வாங்கறாங்க. பெரிய ஆட்டக்காரங்க துப்பாக்கியைக் கொண்டுபோய் கிளாம்ப்புல மாட்டி, ஒவ்வொரு லாட்டையும் சுட்டுப் பார்த்து, தன் பேரலுக்கு எது ஒத்துப்போகுதோ அதை மொத்தமா எடுத்துக்குவாங்க. 50 மீட்டர்ல பத்துப் பாயிண்ட் வட்டம் 10.4 மில்லிமீட்டர்தானுங்களே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினது இந்த .22லதான். அங்கயும் அதே பேச்சுதான், ஒவ்வொண்ணும் ஒண்ணு போல இருக்கணும்.

இப்ப கணக்குக்கு வருவோம். ஆயிரம் கஜத்துல, துப்பாக்கி வாயை விட்டுக் கிளம்பற வேகத்துல நொடிக்குப் பத்து மீட்டர் வித்தியாசம் வந்தா குண்டு மேலயோ கீழயோ ஏறக்குறைய ஒரு சாண் விலகும். நல்லா நிரப்பறவங்க அந்த வித்தியாசத்தை அதுலயும் பாதிக்குக் கீழ கொண்டு வந்துடுவாங்க. சந்தோஷம். ஆனா குறுக்குக் காத்து மணிக்கு ஒரே ஒரு மைல் கூடினா? பக்கவாட்டுல கிட்டத்தட்ட அதே ஒரு சாண்! ஒரு மைலுங்க. அந்தக் காத்து கன்னத்துல பட்டாக்கூடத் தெரியாது.

தம்பி, நீ கேட்டிருக்க வேண்டியது காத்தைப் பத்தித்தான். பழைய ஆளுங்க சிரிக்கறது தெரியுது, எதைக் கேட்டாலும் இவன் காத்துல கொண்டுபோய் விடுவான்னு. விடத்தான் செய்வேன். இங்கிலாந்துல பிஸ்லின்னு ஒரு ரேஞ்ச், அதாவது சுடற மைதானம், 1890ல இருந்து அங்க போட்டி நடக்குது. மன்னர் பேர்ல இருக்கற அந்தப் பெரிய பரிசுக்குக் கடைசிச் சுத்து 900, 1000 கஜம். ரொம்ப காலமா எல்லாருக்கும் அவங்களே ஒரே தோட்டாவைத்தான் கொடுத்துட்டு வந்தாங்க. எல்லார் கையிலயும் ஒரே தோட்டான்னா ஜெயிக்கறவன் எதுல ஜெயிக்கறான்?

நாம இருக்கறது பாலக்காட்டுக் கணவாய் வாசல்ல. ஆடியில மேற்க இருந்து அடிக்கும், மார்கழியில கிழக்க இருந்து அடிக்கும், கஞ்சிக்கோட்டுல காத்தாடி சும்மாவா நட்டு வெச்சிருக்காங்க? இங்க ஒரு பெரிய ரேஞ்ச் போட்டா கிழக்கு மேற்காத்தான் போடணும், காத்து நேரா வந்தா விலக்காதுன்னு ஒருத்தர் எங்கிட்ட வாதாடினார். கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா நேர்க்காத்து நேராவே நிக்காது, மீன் வாலாட்ற மாதிரி இடமும் வலமும் அலையும். மணிக்கு இருபது மைல் காத்து பத்தே டிகிரி திரும்பினாப் போதும், குறுக்குக் காத்து மூணரை மைல். மூணு சாணுக்கு மேல போயிடும். காத்து பார்க்கறதுக்காக ரேஞ்ச்ல நட்டு வெச்சிருக்கற கொடி என்னவோ அதே பக்கம் பறக்கற மாதிரிதான் தெரியும்! என்னைக் கேட்டா, பக்கத்துல இருந்து ஒரே சீரா அடிக்கற காத்தே தேவலை. குறியை எவ்வளவு தள்ளி வெக்கணும்னாவது தெரியும்.

கொடி நிறைய இருக்குமே, எதை நம்பறதுன்னா, சுடறவனுக்குப் பக்கத்துல இருக்கறதை அலட்சியம் பண்ணாதீங்க. அங்கயே கோணம் மாறிடுச்சுன்னா மிச்ச தூரம் பூராவும் குண்டு அந்தக் கோணத்துலயே விலகிட்டுப் போகும். எங்க ஹவில்தார் ஒருத்தர் கொடியையே பார்க்க மாட்டார், புல்லு நுனியைத்தான் பார்ப்பார். அது சாயற விதம் அவருக்குப் பிடிக்கலைன்னா விரலை டிரிக்கருக்கு வெளிய வெச்சுட்டுப் படுத்தே கிடப்பார். பின்னாடி இருக்கறவன் கத்துவான். திரும்பியே பார்க்க மாட்டார்.

கானலைப் பார்த்துக் காத்தை எப்படிப் படிக்கறதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. யாராவது கேளுங்கப்பா, அதுக்கு ஒரு மணி நேரம் பேசறேன்.