விற்காத தங்கம் விலையை இறக்கியது எப்படி?

வணக்கம், காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். 1999 செப்டம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஐரோப்பாவின் 15 மத்திய வங்கிகள் வாஷிங்டனில் கூட்டாக ஓர் அறிக்கை விட்டன. பத்தே நாளில் தங்கம் அவுன்ஸ் 270 டாலர் பக்கத்திலிருந்து 320-ஐத் தாண்டியது. கானாவின் பெரிய தங்கச் சுரங்க நிறுவனமான அஷாந்தி, விலை ஏறியதாலேயே திவாலாகும் நிலைக்குப் போனது. மண்ணுக்கடியில் தங்கம் வைத்திருப்பவர் விலை ஏறினால் எப்படி மூழ்குவார்? காரணம், இரவல் தங்கம்.

பின்னணி ரொம்ப எளிது. பெட்டகத்தில் கிடக்கும் தங்கம் வட்டி தராது, அதனால் மத்திய வங்கிகள் அதை லண்டன் புல்லியன் வங்கிகளுக்கு, அதாவது தங்க வியாபாரம் செய்யும் வங்கிகளுக்கு, ஒன்று, இரண்டு சதவீதத்துக்குக் கடன் கொடுத்தன. சரி, வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள்?

(திரையில்: கழுத்திரு)

இது கழுத்திரு. மஞ்சள் பூசிய நூல் சரத்தில் தங்க உருக்களைக் கோத்தது, நகரத்தார் கல்யாணத்தில் பெண் கழுத்தில் ஏறுவது, அப்புறம் சஷ்டியப்தபூர்த்திக்குத்தான் பெட்டியிலிருந்து வெளியே வரும். ஓர் ஆச்சி இதைப் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் கொடுக்கிறார் என்று வையுங்கள். வாங்கியவர் அதை நகைக்கடையில் விற்று, பணத்தை ஏழு சதவீத எஃப்டியில் போட்டுவிட்டு, ஆச்சிக்கு ஒரு சதவீதம் கொடுக்கிறார். கடைக்காரர் உருக்கி வளையல் செய்து விற்றாயிற்று, அந்த வளையல் இப்போது திருச்சியில் யார் கையிலோ இருக்கிறது. ஆச்சி வீட்டுச் சிட்டையில் மட்டும் 'கழுத்திரு 1' என்ற வரி அப்படியே இருக்கிறது. தங்கம் ஒன்று, சொந்தக்காரர் இரண்டு பேர்!

புல்லியன் வங்கிகள் செய்தது இதேதான். இரவல் கட்டியை விற்று, டாலரை அமெரிக்க அரசுக் கடன் பத்திரத்தில் போட்டன. சுரங்க நிறுவனங்கள் இனிமேல் வெட்டப்போகும் தங்கத்தை இந்த வங்கிகளிடம் முன்கூட்டியே விலை பேசி விற்றபோதும், வங்கிகள் அன்றைக்குச் சந்தையில் இறக்கிய சரக்கு மத்திய வங்கிகளின் இரவல்தான். கொடுத்தவர் கணக்கில் விற்பனையே இல்லை, ஆனால் சந்தைக்குச் சரக்கு வந்துவிட்டது, விலை இறங்காமல் என்ன செய்யும்? 1999 மே மாதம் பிரிட்டன் தன் தங்கத்தில் பாதிக்கு மேல் விற்கப்போவதாக வேறு அறிவிக்க, கோடையில் அவுன்ஸ் 253 டாலருக்கும் கீழே விழுந்தது. இதைத் திட்டமிட்ட சதி என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, இவ்வளவும் நடக்க வட்டி ஆசை ஒன்றே போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறிக்கைக்கு வருவோம். ஐந்து வருடத்துக்கு, வருடம் சுமார் 400 டன்னுக்கு மேல் விற்க மாட்டோம், தங்கக் கடனையும் இனி கூட்ட மாட்டோம் என்றார்கள். இரவல் வாங்கி விற்றிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்பி வாங்க ஓடினார்கள், ஒரு மாதத் தங்கக் கடனின் வட்டி 9 சதவீதத்தைத் தொட்டது. அஷாந்தி பழைய விலைக்கு முன்கூட்டி விற்றுவைத்திருந்த கணக்கு, விலை ஏறியதும் நஷ்டமாகத் தலைகீழானது, வங்கிகள் ஈடு கேட்டு வாசலில் நின்றன. 2004-ல் அது ஆங்கிலோகோல்டோடு இணைந்துவிட்டது.

கடன் கொடுத்தவரும் மாட்டியிருக்கிறார். 1990-ல் அமெரிக்காவின் டிரெக்ஸெல் பர்ன்ஹாம் லாம்பெர்ட் என்ற முதலீட்டு வங்கி கவிழ்ந்தபோது போர்ச்சுகல் மத்திய வங்கியின் 17 டன் அதில் சிக்கியது. பவுன் கணக்கில் 21 லட்சத்துக்கு மேல்!

எனக்குக் கோபம் வருவது மத்திய வங்கிகளின் ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) பார்த்துத்தான். பல மத்திய வங்கிகள் பெட்டகத்தில் இருக்கும் தங்கத்தையும், பிறரிடமிருந்து வரவேண்டிய தங்கத்தையும் ஒரே வரியில் எழுதுகின்றன. வட்டிக்கடை நடத்திப் பெயர் வாங்கிய ஊர்க்காரனுக்கு இது பொறுக்காது. இருப்பு வேறு, பற்று வேறு.

நம் ரிசர்வ் வங்கி பிரித்துச் சொல்கிறது, அதை மனதாரப் பாராட்டுகிறேன். 2024 மார்ச் இறுதியில் மொத்தம் 822.10 டன். உள்நாட்டில் 408.31, பேங்க் ஆஃப் இங்கிலாந்திலும் பன்னாட்டுத் தீர்வு வங்கியிலும் பாதுகாப்பில் 387.26, தங்க டெபாசிட்டாக 26.53. அந்தக் கடைசி எண் மட்டும் 33 லட்சம் பவுன். அது யாரிடம், என்ன வட்டிக்கு இருக்கிறது என்பதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள்.