மறைத்து வாங்கிய கடனுக்குத்தான் வட்டி அதிகம்

வணக்கம். குடும்பக் கடன் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தில் கூப்பிட்டதும், யாருக்குப் பேசுவது என்றுதான் முதலில் யோசித்தேன். மாதச் சம்பளக்காரர்களுக்குப் புத்தி சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதனால் இன்றைக்கு நம்ம திருப்பூரில் சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற புருஷன் பெண்டாட்டிக்காகப் பேசுகிறேன். ஒருவர் பவர்டேபிளில் தைக்கிறார், இன்னொருவர் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ இருக்கிறார், லைன் வீட்டில் குடியிருப்பு, சொந்த ஊர் மதுரைப் பக்கமோ தேனிப் பக்கமோ, என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கவுன்ட்டரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "சார், அந்த நம்பருக்கு மெசேஜ் போடாதீங்க, வீட்டுக்காரர் பார்த்துடுவார்" என்று ஓர் அம்மா சொல்வார். வேறொரு நாள் வேறொரு ஆள் வந்து, ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைக்காமல் மணிபர்ஸின் உள் மடிப்பில் சொருகுவார், கேட்கவே வேண்டாம், வீட்டுக்குத் தெரியாது.

மறைக்கிறார்களே, அது சரியா தப்பா என்று பேச நான் வரவில்லை. ஆனால் கணக்காகப் பார்த்தால் ஒன்று தெரியும். வட்டி குறைவான கடன் எதையும் மறைத்து வாங்குவது கஷ்டம். வீட்டுக் கடனுக்குப் பெரும்பாலும் இருவரிடமும் கையெழுத்துக் கேட்பார்கள், நகையை எடுத்தால் கழுத்து காட்டிக்கொடுத்துவிடும். யாருக்கும் தெரியாமல் ஐந்து நிமிடத்தில் கிடைக்கிற பணம் எது? தண்டல், மொபைல் ஆப், பக்கத்துத் தெரு அக்காவின் பத்து வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். ஆக, வீட்டில் யார் யாரிடம் எதை மறைத்தாரோ அதுதான் பெரும்பாலும் அந்த வீட்டின் மிகக் கொடூரமான வட்டி. அதைத் தெரியாமல் வைத்துக்கொண்டு பால் பாக்கெட்டில் ஒன்றைக் குறைத்து ஒரு பிரயோஜனமும் கிடையாது.

வாரத் தண்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்று பெயர், கையில் தருவது 8,500, வாரம் ஆயிரம் வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். "1,500 தானே, பரவாயில்லை" என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 பத்து வாரமும் உங்கள் கையில் இருக்கவில்லை, முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷ வட்டி 150 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதையே நகையை வைத்து வங்கியில் வாங்கினால் ஒன்பது பத்து சதவீதத்தில் முடியும். வண்டிக் கடனிலும் இப்படி ஒன்று உண்டு, 12 சதவீதம் ஃபிளாட் என்பார்கள், அதாவது அசல் குறையக் குறைய வட்டி குறையாது, கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி, மூன்று வருஷத் தவணைக்கு அது உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், குறைந்துவரும் பாக்கிக்கு எவ்வளவு வட்டி என்று கேளுங்கள், கடைக்காரர் முகம் மாறினாலும் பரவாயில்லை.

சரி, என்ன செய்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்த பிறகு, பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு, ஒரே தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். யாருக்குத் தர வேண்டும், இன்னும் எவ்வளவு பாக்கி, வாரமோ மாதமோ எவ்வளவு கட்டுகிறோம், எப்போது முடியும். அண்ணாச்சி கடை நோட்டில் இருப்பது, கம்பெனியில் வாங்கிய அட்வான்ஸ், எல்லாம் அதில் வர வேண்டும். ஊர்ப்பக்கம் திரும்பச் செய்ய வேண்டிய மொய்யையும் எழுதுங்கள். வட்டி இல்லைதான், ஆனால் ஆவணியில் நாலு பத்திரிகை ஒன்றாக வந்தால் அந்த மாதத் தவணையை அதுதான் தின்கிறது, மொய் நோட்டைப் புரட்டினால் யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்கு ஒருநாள் மட்டும் "ஏங்க, இதை எதுக்கு வாங்கினீங்க?" என்ற கேள்வி வேண்டாம். அந்தக் கேள்வி வந்த வீட்டில் தாள் பாதியில் நின்றுபோகும், மீதிக் கடன் மறுபடி ஒளிந்துகொள்ளும்.

குழுக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. இது பெரும்பாலும் பெண்கள் பெயரில் இருக்கிறது, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று மூன்று குழுவில் இருப்பவர்களும் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, இந்தக் குழுக் கடன் போன்ற, அடமானம் இல்லாத குறுங்கடன் கணக்கில் புருஷன், பெண்டாட்டி, கல்யாணமாகாத பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம், அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ரிசர்வ் வங்கியே இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது, நாம்தான் தனித்தனியாக ஒளித்து வைக்கிறோம். உங்கள் தாளில் அந்தப் பாதியைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். பார்க்கும்போது ஒன்றரை ஷிப்ட் வருமானத்தை வைத்துப் பார்க்காதீர்கள். 2025 ஆகஸ்டில் நம்ம ஊர் ஏற்றுமதிச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு ஓவர்டைம் எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகும் என்று நமக்குத் தெரிந்துவிட்டதே, அதனால் ஒரு ஷிப்ட் சம்பளம்தான் கணக்கு.

தாளில் தண்டலோ பத்து வட்டியோ இருந்தால், வீட்டில் கொஞ்சம் நகையும் இருந்தால், நகையை வங்கியில் வைத்து அதை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்பது என் கருத்து. இதில் தயக்கம் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். நகை பெண்டாட்டியுடையது, அவர் அப்பா அம்மா போட்டது, அதை வைத்துப் புருஷன் வாங்கிய தண்டலை அடைப்பது என்றால் மனசு வலிக்கும். அதனால் கடன் அவர் பெயரில் இருக்கட்டும், ரசீதும் அவர் பெட்டியில் இருக்கட்டும், திருப்புகிற பொறுப்பு புருஷனுக்கு. தேவைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதியைத் தளர்த்தியது. தருகிறார்களே என்று முழுசாக வாங்கினால் திருப்புவது கனவுதான். வட்டியை மட்டும் கட்டி வருஷா வருஷம் மாற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் கடைசியில் ஏல நோட்டீஸோடு வந்து நிற்பார்கள்.

அப்புறம், சனிக்கிழமை. சம்பளம் வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, வண்டித் தவணையோ ஐந்தாம் தேதி போகிறது. நடுவில் பணம் பரோட்டாக் கடைக்கும் டாஸ்மாக்குக்கும் வழிதெரிந்து போய்விடுகிறது. தவணைக்குக் கணக்கில் காசு இல்லையென்றால் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்த கம்பெனி ஒரு அபராதம். அதனால் தவணையில் கால் பங்கை ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வருமுன்பே கணக்கில் போட்டுவிடுங்கள். வருஷத்தில் நான்கு மாதமாவது ஐந்து சனிக்கிழமை வரும், காலண்டரில் இப்போதே வட்டம் போடுங்கள். அந்த ஐந்தாவது சம்பளத்தில் வாடகையும் இல்லை, தவணையும் இல்லை. அந்த வாரச் சாப்பாட்டுச் செலவு போக மீதி முழுவதும் வட்டி அதிகமான கடனுக்குப் போகட்டும். தீபாவளி போனஸிலும் பாதி அப்படியே.

செலவைக் குறைப்பது பற்றி நீட்ட விரும்பவில்லை, உங்களுக்குத் தெரியாததா. மளிகையை மட்டும் நோட்டில் வாங்குவதை நிறுத்துங்கள். நோட்டில் வாங்குகிறவர் விலை கேட்க முடியாது, "இன்னைக்கு என்ன விலை அண்ணாச்சி?" என்று கேட்க வாய் வராது. காய்க்குத் தென்னம்பாளையம் உழவர் சந்தைக்கு விடிகாலையில் ஒருவர் போய்வந்தால் வாரம் ஓடிவிடும். ரேஷன் கார்டு ஊர் முகவரியில் இருந்தாலும் கைரேகை வைத்து இங்கேயே அரிசி வாங்கலாம். லைன் வீட்டில் ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கரண்டுக்கு வசூலிக்கிறார் என்றால், அரசு தரும் இலவச 100 யூனிட் உங்களுக்கு வந்து சேர்வதில்லை என்று அர்த்தம், வீடு மாறும்போது தனி மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். கணவரின் பீடி சிகரெட்டையும் மனைவியின் சேலைச் சீட்டையும் ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள், இருவருக்கும் கணக்குக் கேட்காத ஒரு சின்னத் தொகை வாரா வாரம் இருக்கட்டும். அது இல்லாத வீட்டில்தான் மறுபடி ரகசியக் கடன் முளைக்கிறது.

கடைசியாக, தவணை தவறிவிட்டால். குறுங்கடன் வசூலுக்கு வருபவர் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மிரட்டி வசூலித்தால் சிறைத் தண்டனை என்று தமிழ்நாட்டில் 2025இல் சட்டமே வந்திருக்கிறது. கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003இலிருந்தே இருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். வங்கியோ நிதி நிறுவனமோ வரம்பு மீறினால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், விவரம் கேட்க எண் 14448. புகாருக்குக் கட்டணம் எதுவும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. வசூலுக்கு ஆள் வந்து நிற்கும்போது புருஷன் பின்வாசல் வழியாகப் போய்விட்டு மனைவியைத் தனியாகப் பேச விடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். இருவரும் சேர்ந்தே வாசலில் நின்று, இந்த வாரம் இவ்வளவுதான் முடியும், மீதி இந்தத் தேதியில், என்று சொல்லுங்கள். கட்டியதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.