கையெழுத்துக்கு முன்பே

நண்பர்களே, வணக்கம்.

ஒரு சமூகத்தைப் பற்றி ஆராய வருபவரின் பையில் பெரும்பாலும் எல்லாமே தயாராக இருக்கும். கேள்விகள், ஒப்புதல் படிவம், பேனா. மக்கள் கையெழுத்துப் போட்டால் போதும். கூட்டம் நடந்ததாக ஒரு புகைப்படமும் சேர்த்துவிட்டால் அறிக்கையில் அதுதான் 'மக்கள் பங்கேற்பு'. எனக்கு இதில் உடன்பாடில்லை. எதை ஆராய்வது என்று பேசும் அன்றே அந்த மக்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினர், 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அவர்களிடையே நீரிழிவு அதிகம். அதற்கு விடை கிடைக்கும் என்று நம்பினார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு ஆய்வுக்கும், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. கையெழுத்து இல்லையா? இருந்தது. படிவத்தின் வாசகம் பொதுப்படையாக இருந்தது, அவ்வளவுதான். வழக்கு நடந்து, 2010-இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது.

இதெல்லாம் நியாயம் பேசுவதற்குச் சரி, அறிவியலுக்கு இடைஞ்சல் என்பார்கள் சிலர். அவர்களுக்கு எய்ட்ஸ் வரலாற்றைத்தான் சொல்வேன். 1980-களில் எய்ட்ஸுக்கான ஏஇசட்டி என்ற மருந்தின் சோதனையில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. சாவின் விளிம்பில் இருப்பவர் சும்மா இருப்பாரா? சிலர் தங்கள் மாத்திரை நிஜ மருந்துதானா என்று வெளியே கொடுத்துப் பரிசோதித்தார்கள். சிலர் மருந்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அப்புறம் அந்தத் தரவை எப்படி நம்புவது? 1988 அக்டோபரில், எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய 'ஆக்ட் அப்' அமைப்பினர் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் தலைமையகத்தை முற்றுகையிட்டார்கள். கோஷத்தோடு நிற்கவில்லை. நோயாளிகளும் அவர்கள் தோழர்களும் மருத்துவப் படிப்பு இல்லாமலே நோயெதிர்ப்பியலையும் புள்ளியியலையும் கற்றார்கள். வேறு மருந்து சாப்பிடுபவரைச் சோதனையிலிருந்து ஏன் ஒதுக்குகிறீர்கள், நிஜ நோயாளி அப்படித்தானே இருக்கிறார் என்று கேட்டார்கள். பின்னர் சோதனைகளைத் திட்டமிடும் குழுக்களிலேயே அவர்களுக்கு இடம் கிடைத்தது. அறிவியல் கெட்டா போய்விட்டது?

மக்கள் குரலுக்கு இடம் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் கம்போடியா. எச்ஐவி வராமல் தடுக்க டெனோஃபோவிர் என்ற மருந்து உதவுமா என்று பாலியல் தொழிலாளர்களிடம் சோதிக்கத் திட்டம். பக்கவிளைவு பிற்காலத்தில் வந்தால் யார் வைத்தியம் பார்ப்பார்கள் என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். காப்பீடு கேட்டார்கள். திருப்தியான பதில் வரவில்லை. 2004-இல் அரசே சோதனையை நிறுத்தியது. அந்த மருந்து அடங்கிய கூட்டு மாத்திரை பின்னால் நன்றாகவே பயன்பட்டது என்பதுதான் வருத்தம். இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான் 2007-இல், எச்ஐவி தடுப்புச் சோதனைகளில் சமூகத்தை எப்படிச் சேர்ப்பது என்ற சர்வதேச வழிகாட்டி வந்தது.

தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள், தங்களுக்கு வேறு யாராவது வழிகாட்டி எழுதித் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. 2017-இல் தாங்களே ஆய்வு நெறிகளை எழுதி வெளியிட்டார்கள். சன்னல் வழியாக நுழையாதீர்கள், வாசல் வழியாக வாருங்கள் என்று அவர்களின் தலைவர் ஒருவர் ஆய்வாளர்களைக் கேட்டுக்கொண்டார். வாசல் என்றால் அவர்களுடைய பேரவை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பேரவை, சங்கம், தலைவர் என்று போனால், அங்கே வாய் திறக்க முடியாதவர்கள் விட்டுப்போவார்கள். பெரும்பாலும் பெண்கள், அப்புறம் அந்தச் சமூகத்துக்குள்ளேயே கீழே வைக்கப்பட்டவர்கள். அவர்களைத் தனியாகத் தேடிப் போகத்தான் வேண்டும், நேரம் பிடிக்கும். கூட்டத்துக்கு வருபவருக்கு அன்றைய கூலி போகிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஆய்வாளருக்கோ அது சம்பளம் உள்ள வேலை நாள். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போதே, அவர்கள் நேரத்துக்கான பணத்தையும் முடிவுகளை அவர்கள் மொழியில் போய்ச் சொல்லும் செலவையும் அதில் எழுதுங்கள். நிதி தருபவர் அந்த வரியை அடித்தால், ஏன் என்று கேளுங்கள்.