எல்லாரும் ஒன்றாக இறங்கும் வயல்: அச்சேயில் ஒரு கம்போங் எப்படி இயங்குகிறது

[காட்சி: வானிலிருந்து. பச்சை வயல் பரப்பு, நடுவில் அடர்ந்த மரக்கூட்டம்]

வயல்வெளிக்கு நடுவே தீவு மாதிரி ஒரு தோப்பு தெரிகிறது. தென்னை, கமுகு, மா, பலா. மேலிருந்து பார்த்தால் கூரைகள்கூடச் சரியாகத் தெரியாது. ஊர் அந்த மரங்களுக்கு அடியில்தான் இருக்கிறது.

இது சுமத்ராவின் வடமுனையில் உள்ள அச்சே மாகாணம். மாவட்டம் பிடியே, மாவட்டத் தலைநகர் சிக்லி. இந்தோனேசியாவின் பல பகுதிகளில் கிராமத்தை 'தேசா' என்பார்கள். அச்சேக்காரர்களுக்கு அது 'கம்போங்'. மாகாணம் முழுக்க ஏறக்குறைய 6,500 கம்போங்குகள் இருக்கின்றன. பிடியேயில் மட்டும் 730. பலவற்றில் சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள்.

இப்படி ஒரு நெல் கம்போங் எப்படி இயங்குகிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். நெல்லில் தொடங்கினால்தான் மற்றது புரியும்.

முதலில் நிலம். வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம் 'லம்போ'. ஊருக்கு வெளியே விரிந்து கிடக்கும் நெல்வெளி 'ப்ளாங்'. அதற்கு அப்பால் தெரியும் மலை 'க்ளே'. மலையிலிருந்து இறங்கும் ஆறு 'க்ருயெங்'. பிடியேயின் முக்கிய ஆறான க்ருயெங் பாரோவில் கெமாலா என்ற இடத்தில் அணை கட்டித் தண்ணீரைத் திருப்புகிறார்கள். அங்கிருந்து பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசியில் 'லுயெங்' எனப்படும் சிறு வாய்க்கால். அதன் கரையில் ஒரு மடை, மடைக்குக் கீழே வரப்பு, வரப்புக்குள் 'உமோங்', அதாவது ஒரு வயல். பழைய வழக்கப்படி வயலின் அளவை ஏக்கரில் சொல்ல மாட்டார்கள். இத்தனை அளவு விதை பிடிக்கும் வயல் என்பார்கள். அளவைக்கும் தனி வரிசை உண்டு. ஒரு 'ஆரே' 2 லிட்டர், 16 ஆரே ஒரு 'நாலே', 10 நாலே ஒரு 'குன்சா'. அப்படியென்றால் ஒரு குன்சா நெல் 320 லிட்டர்.

[காட்சி: மரத்தூண்களின் மேல் நிற்கும் திறந்த மண்டபம், படிக்கட்டில் செருப்புகள்]

இது மெனாசா. தொழுகை இடம், ஊர்க்கூட்டம் கூடும் இடம், பிள்ளைகள் குர்ஆன் ஓதும் இடம் எல்லாம் இதுதான். முன்பு வாலிபப் பையன்கள் இரவில் இங்கேதான் படுப்பார்கள். ஒவ்வொரு கம்போங்குக்கும் ஒரு மெனாசா உண்டு. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் மட்டும் பல கம்போங்குகளுக்குப் பொது. அப்படிச் சேர்ந்த தொகுதிக்கு 'முக்கிம்' என்று பெயர்.

ஊர்த்தலைவர் கெச்சிக். மார்க்கக் காரியங்களைப் பார்ப்பவர் தெங்கு இமம். கெச்சிக் ஊருக்குத் தந்தை, தெங்கு தாய் என்பது அங்குள்ள பேச்சு. கூடவே 'துஹா புத்' என்ற மூத்தோர் குழு. பெயருக்கு 'நான்கு பெரியவர்கள்' என்று அர்த்தம். 1979-ல் வந்த கிராம நிர்வாகச் சட்டம் நாடு முழுவதும் ஒரே அச்சில் கிராமங்களை வார்க்கப் பார்த்தது. அதில் இந்தப் பழைய பதவிகள் காகிதத்திலிருந்து மறைந்தன. 2003-ன் மாகாணச் சட்டங்களும், அரசுக்கும் அச்சே கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே 2005-ல் நடந்த ஹெல்சிங்கி அமைதி ஒப்பந்தத்துக்குப் பின் 2006-ல் வந்த அச்சே ஆட்சிச் சட்டமும் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தன. 2008-ன் 9-ஆம் எண் கனூன் (அச்சே மாகாணச் சட்டம்), எல்லைத் தகராறு, சில்லறைத் திருட்டு, கால்நடை மேய்ந்த வழக்கு போன்ற 18 வகைச் சச்சரவுகளை ஊருக்குள்ளேயே பேசித் தீர்க்கலாம் என்கிறது.

இவ்வளவு பேருக்கு நடுவே ஒருவரைத் தனியாகக் காட்ட வேண்டும். அவர் கெஜ்ருன் ப்ளாங். நம் பேச்சில் சொன்னால் நீர்க்கட்டி, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர். ஆனால் மடை திறந்து மூடுவதோடு அவர் வேலை முடிவதில்லை. எப்போது வயலில் இறங்குவது என்று தேதி குறிப்பவர் அவர். தண்ணீர் முறை வைப்பதும், கந்தூரி எனும் ஊர் விருந்தை ஒருங்கிணைப்பதும், விதி மீறியவரைக் கண்டிப்பதும், வரப்புச் சண்டையைத் தீர்ப்பதும் அவர் பொறுப்பு. 2008-ன் 10-ஆம் எண் கனூனில் இந்தக் கடமைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வயல்காரரும் அவருக்குக் கொஞ்சம் நெல் அளந்து தருவதே வழக்கம். கெச்சிக் ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டாலும் ஊர் ஓடும். நடவுக் காலத்தில் கெஜ்ருன் ப்ளாங் இரண்டு நாள் இல்லையென்றால் கடைமடை காய்ந்துவிடும்.

[காட்சி: இரவு வானம், நிலாவுக்குப் பக்கத்தில் விருச்சிகம்]

தேதி குறிப்பது எப்படி? அச்சேயில் நோன்பும் பெருநாளும் ஹிஜ்ரி ஆண்டுப்படி நடக்கின்றன. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள்தான். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. ரமலான் சில ஆண்டுகள் மழைக்காலத்தில் வரும், சில ஆண்டுகள் கோடையில் வரும். அதனால் அந்த மாதப் பெயரை நம்பி விதை விட முடியாது. இதற்கு அச்சே உழவர்கள் கண்டுபிடித்த வழி 'கெனோங்'.

நிலா ஒவ்வொரு மாதமும் ஒருமுறை விருச்சிகத்தைக் கடக்கும். அங்கே சிவப்பாக மின்னும் கேட்டை நட்சத்திரம் தெரிந்திருக்கும். அந்தச் சந்திப்பு எத்தனையாம் பிறையில் நடக்கிறது என்று எண்ணுவதுதான் கெனோங். நிலா நட்சத்திரங்களுக்கு இடையே ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்கு 29½ நாள். அதனால் ஒவ்வொரு மாதமும் சந்திப்பு ஏறத்தாழ இரண்டு பிறை முன்னால் வந்துகொண்டே இருக்கும். இந்த மாதம் 23-ஆம் பிறை என்றால் அடுத்தது 21, பிறகு 19, இப்படியே 1 வரை இறங்கும். மாதத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் எண்ணைப் பார்த்தால் பருவம் தெரிந்துவிடும். '11-ல் அங்கொன்று இங்கொன்று விதைப்பு, 9-ல் ஊரெல்லாம் விதைப்பு, 7-லும் விதைக்கலாம்' என்பது பழமொழி. ஏறக்குறைய ஜூலை கடைசி முதல் செப்டம்பர் வரையான காலம் அது. வானத்தையே காலண்டராக வைத்த இந்தக் கணக்கு அலாதியானது. இப்போது வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளும் வானிலைத் துறையின் மழைக் கணிப்பும் சேர்ந்துதான் தேதியை முடிவு செய்கின்றன. மெனாசா கூட்டத்தில் கெனோங் எண்ணைச் சொல்லும் பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

தேதி உறுதியானதும் 'கந்தூரி ப்ளாங்'. நாகூர்க் கந்தூரி தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. இரண்டும் பாரசீக வேரிலிருந்து கடல் வழியே பரவிய ஒரே சொல். வயல்காரர்கள் பங்கு போட்டு எருமையோ ஆடோ வாங்கி, வாய்க்கால் தலைப்பிலோ வயலோரத்திலோ சமைத்து, துஆ ஓதி, சேர்ந்து சாப்பிடுவார்கள். அதற்குப் பின் சில நாள் யாரும் வயலில் கால் வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும்வரை வயல் வேலை கூடாது என்பது ஆண்டு முழுவதும் உள்ள விதி. மீறினால் ஊர் விசாரிக்கும்.

[காட்சி: நாற்றங்கால், நெருக்கத்தில்]

நாற்று. எக்டேருக்கு 25 முதல் 30 கிலோ விதை. ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் ஒன்று இரண்டு நாள் மூட்டம் போட்டு, முளை வெளியே எட்டிப் பார்த்ததும் தூவ வேண்டும். முளை நீண்டுவிட்டால் தூவும்போதே ஒடியும். 2000-த்தில் வெளியான சிஹெராங், பிறகு வந்த இன்பாரி 32 போன்ற ரகங்கள் பரவலாகப் பயிராகின்றன. இரண்டும் நான்கு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். நாற்றுக்கு 18 முதல் 25 நாள் வயது இருக்கும்போது நட்டால் நன்றாகத் தூர் கட்டும், அதாவது பக்கத் தண்டுகள் விடும். முற்றிய நாற்று தூர் கட்டாது.

உழவு பவர் டில்லரில், பெரும்பாலும் ஆண்கள் வேலை. நடவும் களையும் பெண்கள் வேலை. வரிசைக்கு வரிசை 20–25 சென்டிமீட்டர். இரண்டு வரிசைக்கு ஒரு இடைவெளி விட்டு நடும் 'ஜாஜார் லெகோவோ' முறையை வேளாண் அலுவலர்கள் வலியுறுத்துகிறார்கள். அந்த இடைவெளியில் வெயிலும் காற்றும் நுழையும், எலி நடமாட்டமும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கயிறு பிடித்து நட நேரம் கூடுதலாகும், கூலியும் கூடும். அதனால் எல்லாரும் செய்வதில்லை.

இனி, ஏன் எல்லாரும் ஒன்றாக இறங்க வேண்டும்? காரணங்கள் வெறும் மரபு சார்ந்தவை அல்ல.

முதல் காரணம் எலி. வயல் எலி பெருகுவது நெல் பொதி கட்டிக் கதிர் விடும் காலத்தில். ஊரே இரண்டு வாரத்துக்குள் நட்டு முடித்தால் அந்தக் காலம் குறுகியது. எலி ஓரிரு ஈற்றோடு நிற்கும். ஒருவர் ஒரு மாதம் பிந்தி நட்டால் அவர் வயலில் மட்டும் பொதி இருக்கும். மற்ற வயல்களில் பிறந்த எலியெல்லாம் அங்கே வந்து சேரும். அறுக்க ஒன்றும் மிஞ்சாது. அதைவிட மோசம், அடுத்த போகத்துக்கு விதை எலியை அந்த ஒரு வயலே ஊருக்குக் கொடுக்கும்.

இரண்டாவது புகையான், நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. நெல் இல்லாத இடைவெளி அதன் சங்கிலியை அறுக்கும். அந்த இடைவெளி இல்லாமல் போனால் பூச்சி வயலுக்கு வயல் தாவும், துங்ரோ நோயைச் சுமக்கும் பச்சைத் தத்துப்பூச்சியும் அப்படியே. பயிர் கரும்பச்சையாக நிற்கட்டும் என்று யூரியாவை அள்ளிப் போடுவது புகையானுக்கு விருந்து வைப்பதுதான். வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்தது போல் காய்ந்த பிறகு மருந்து அடிப்பதில் பெரிய பலன் இல்லை.

மூன்றாவது தண்ணீர். ஒரு போகத்தில் வாய்க்காலை அதிகம் இழுப்பது சேறடிக்கும் நாட்கள். காய்ந்த மண் ஊறிக் குழைய 150 முதல் 200 மில்லிமீட்டர் தண்ணீர் குடிக்கும். எனவே கெஜ்ருன் ப்ளாங் வயலைப் பகுதி பகுதியாகப் பிரித்து நாள் ஒதுக்குகிறார். தலைமடைக்காரர் தன் முறை முடிந்தும் மடையைத் திறந்தே வைத்தால் கடைமடையில் நாற்று முற்றும். பெரும்பாலான சண்டை இரவு 2 மணிக்கு யாரோ வெட்டிய வரப்பில்தான் தொடங்குகிறது. போகத்துக்கு முன் ஊர்கூடித் தூர் வாருவது 'மெசெராயா' எனப்படும் கூட்டு உழைப்பு. 2015 முதல் மத்திய அரசின் கிராம நிதி நேரடியாக வருகிறது. அந்தப் பணத்தில் ஊர் முகப்பு வளைவைவிட மடைக்கு ஒரு நல்ல இரும்புக் கதவு முதலில் வர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

[காட்சி: அறுவடை இயந்திரம், பின் முற்றத்தில் பரப்பிய நெல்]

பத்தில் ஒன்பது நெல்மணி மஞ்சளானால் அறுக்கலாம். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் புதையும். அறுத்த நெல்லில் 20 முதல் 25 சதவீதம் ஈரம் இருக்கும், 14-க்குக் கொண்டுவர வேண்டும். மழை நாளில் இரண்டு இரவு மூட்டையிலேயே கிடந்தால் அரிசி மஞ்சளாகி ஆலையில் விலை விழும். காலால் மிதித்துக் கதிரடித்த 'செமெல்ஹோ' இப்போது அபூர்வம்.

விளைச்சலில் யாருக்கு எவ்வளவு? சொந்த நிலம் இல்லாதவர் 'மாவா' முறையில் பயிரிடுகிறார். பேச்சைப் பொறுத்துச் சரிபாதி, அல்லது மூன்றில் ஒன்று நிலக்காரருக்கு. பணமுடை வந்தால் நிலத்தை 'காலா' வைப்பார்கள், அதாவது ஒத்தி. கணக்கு ரூபியாவில் அல்ல, 'மாயாம்' தங்கத்தில். ஒரு மாயாம் ஏறத்தாழ 3.33 கிராம். தங்கம் திரும்பி வரும்வரை கடன் கொடுத்தவர் வயலைப் பயிரிடுவார். தங்க விலை ஏறினால் மீட்பது கடினம். ஒருவரின் காலத்தில் வைத்த ஒத்தியை அவர் பிள்ளைகள் வந்து மீட்பதும் உண்டு. விளைந்ததில் ஜகாத் எனும் மார்க்கக் கட்டாயக் கொடை தனி: வானம் பார்த்த நிலத்தில் பத்தில் ஒன்று, செலவு செய்து பாய்ச்சிய நிலத்தில் இருபதில் ஒன்று.

வீடு பெண்ணுடையது. பிடியேயில் கல்யாணமான ஆண் மனைவி வீட்டுக்குப் போகிறார். மகளைத் தனிக்குடித்தனம் வைக்கும்போது பெற்றோர் வீடோ வயலோ கொடுப்பார்கள். மனைவிக்கு அச்சே மொழியில் 'போ ருமோ', வீட்டின் உடைமைக்காரி. ஆண்கள் வியாபாரத்துக்காக வெளியூர் போவது பழைய பழக்கம். அப்போது வயலையும் வீட்டையும் பிடித்து நிற்பது இந்தப் பெண்கள்தான்.

[காட்சி: இரும்புச் சட்டியில் மணல், கல்லின் மேல் சுத்தியல், மிக நெருக்கத்தில்]

போகத்துக்கும் போகத்துக்கும் நடுவே அவர்கள் கையில் காசு வருவது இந்தக் கொட்டையால். மெலிஞ்சோ மரம், அச்சேயில் 'முலியெங்'. கொட்டையைத் தட்டி அப்பளம் போலப் பொரிக்கும் வில்லையாக்குகிறார்கள். சிவந்த பழத்தின் தோலை உரித்து, கொட்டையைச் சூடான மணலில் சில நிமிடம் புரட்டுகிறார்கள். ஓட்டைத் தட்டி உடைத்து, உள்பருப்பு ஆறுவதற்குள் கல்லில் வைத்து இரண்டு மூன்று அடி. தாள் போல வட்டமாக விரிய வேண்டும். பருப்பு ஆறிப்போனால் விரியாமல் விளிம்பு வெடிக்கும். வறுவல் குறைந்தால் ஓடு விடாது, மிஞ்சினால் பழுப்பு நிறம் ஏறிக் கசக்கும். தடிமன் சீராக இல்லையென்றால் எண்ணெயில் ஒரு பக்கம் பொரிந்து மறுபக்கம் கடிக்க முடியாமல் நிற்கும். பிறகு ஒரு நல்ல வெயில். பல வீடுகளில் கொட்டையை மொத்த வியாபாரி கொடுத்து, கிலோவுக்குக் கூலி தருகிறார். நாள் முழுக்க குனிந்து அடித்தாலும் லாபத்தின் பெரும்பங்கு அடிப்பவர் கைக்கு வருவதில்லை.

[காட்சி: அறுத்த நெல்தாள் நிற்கும் வயலில் மாடுகள்]

கடைசி வயலும் அறுத்து முடிந்ததும் கெஜ்ருன் ப்ளாங் 'லுவா ப்ளாங்' அறிவிக்கிறார்: வயல் திறந்துவிட்டது. அதுவரை கட்டியிருந்த மாடும் எருமையும் அவிழ்க்கப்படும். வரப்பு, வேலி எதுவும் கணக்கில்லை. தாளை மேய்ந்து, சாணமிட்டுச் சுற்றும். வயல் மூடியிருந்த காலத்தில் மாடு பயிரை மேய்ந்தால் மாட்டுக்காரர் ஈடு கட்ட வேண்டும். லுவா ப்ளாங்குக்குப் பிறகும் ஒருவர் வயலில் நெல் நின்றால், மாடு மேய்ந்ததற்கு அவர் யாரிடமும் ஈடு கேட்க முடியாது. பிந்தி நட்டவர் அவர்தான்.