பென்சிலில் எழுதிய சீட்டு

எல்லோருக்கும் வணக்கம். சித்திரை வெயிலில், அதுவும் வேலூரில், மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லியிருந்தேன். வந்துவிட்டீர்கள். மின்விசிறியும் ஓடுகிறது. சரி, பேசிவிடுவோம்.

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளிலும் பம்பு, மோட்டார், கியர்பாக்ஸ் பராமரிப்பு எங்கள் தொழில். தொழிலாளர்கள் சொல்லும் யோசனைகளை எப்படிக் கையாள்வது என்று பேசச் சொன்னார்கள். நான் கையாண்ட லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு யோசனைப் பெட்டி மாட்டினேன். தகரப் பெட்டி, நல்ல பூட்டு. சாவியை மேஜை டிராயரில் போட்டதோடு சரி, அடுத்த ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யும்போதுதான் திறந்தேன். உள்ளே பஸ் டிக்கெட், கடலை மடித்த காகிதம், நான்கு சீட்டுகள். மூன்றில் ஃபேன் கேட்டிருந்தார்கள். நான்காவது பென்சிலில் எழுதியது, பாதி மங்கிவிட்டது: ‘பெல்ட் நம்பரை கார்டு மேலே பெயிண்டில் எழுதலாம்.’ கார்டு என்றால் ஓடும் பெல்ட்டில் கை சிக்காமல் மூடி வைக்கும் தகடு.

தோல் பதனிடும் டிரம் உங்களில் பலர் பார்த்ததுதான்; மோட்டார் பெல்ட்டால் சுற்றும் பெரிய பீப்பாய். ராத்திரியில் பெல்ட் அறுந்தால் போன் வரும். என்ன சைஸ் என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. பழைய பெல்ட்டில் நம்பர் தேய்ந்து போயிருக்கும். ஃபிட்டர் வேலூரிலிருந்து 50 கிலோமீட்டர் ஆம்பூருக்குப் போய், கார்டைக் கழற்றி, அளவெடுத்து, அப்புறம் பெல்ட்டுக்கு அலைய வேண்டும். அதுவரை டிரம்மில் தோல் சாயத்தோடு சும்மா கிடக்கும்; ஒரு இடம் திட்டாகவும் ஒரு இடம் வெளுத்தும் போகும். நம்பர் எழுதியிருந்தால் வாட்ச்மேனே போனில் படித்துச் சொல்லிவிடுவார். செலவு ஒரு சின்ன டப்பா பெயிண்ட்.

உடனே செய்தோம். பார்ட்டிக்கு, அதாவது மெஷின் சொந்தக்காரருக்கு, ரொம்ப சந்தோஷம். அவரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘நாங்க புதுசா ஒரு முறை கொண்டுவந்திருக்கோம் சார்.’ சீட்டு எழுதிய பையன் அப்போது பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவனிடமிருந்து ஒரு யோசனையும் வரவில்லை.

அமெரிக்காவில் கேமரா, ஃபிலிம் செய்த கோடக் கம்பெனியில் 1898இல் ஒரு தொழிலாளி, ஜன்னல்களைக் கழுவினால் வெளிச்சம் வரும் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு டாலர் பரிசு. டொயோட்டாக்காரர்கள் அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்த்துவிட்டு வந்து, 1951இல் தங்கள் யோசனைத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். ஜன்னல் கழுவச் சொன்னதற்கும் பரிசு கொடுத்தார்களே, அதைத்தான் நான் கவனிக்கத் தவறியிருந்தேன்.

இப்போது பெட்டி கிடையாது. ஒரு நீள நோட்டு, டீ போடும் இடத்தில் தொங்குகிறது. தேதி, பெயர், யோசனை, கடைசிக் கட்டத்தில் என் பதில். ஏழு நாளுக்குள் பதில் எழுதியாக வேண்டும், முடியாது என்றாலும் காரணத்தோடு. ஒருவர், அடிக்கடி பெல்ட் மாற்றும் மெஷினில் கார்டைக் கழற்றியே வைத்துவிடலாம் என்று எழுதினார். கை போய்விடும். ஆனால் அவர் சொன்ன கஷ்டம் நிஜம். எட்டு போல்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. கீல் வைத்த கார்டு செய்து கொடுத்தோம், பூட்ட ஒரே போல்ட்.

நம் தொழிலில் இன்னொரு சிக்கல், மெஷின் நம்முடையது அல்ல. பார்ட்டி சம்மதிக்காமல் ஒரு நட்டைக்கூட மாற்ற முடியாது. அதனால் முதலில் ஒரே ஒரு மெஷினில் ஒரு மாதம் செய்து காட்டுகிறோம். அப்புறம் காசு விஷயம். பழுதுக்கு இவ்வளவு என்று பில் போடுகிற கம்பெனிக்கு, பழுதைக் குறைக்கும் யோசனை நஷ்டம்தான். ஓவர்டைமை நம்பியிருக்கிற ஃபிட்டருக்கும் அப்படியே. வருஷ கான்ட்ராக்டாக இருந்தால் மிச்சமாகும் நேரம் நமக்கு. அதில் ஒரு பங்கை யோசனை சொன்னவருக்குக் கொடுக்காமல் நோட்டைத் தொங்கவிட்டு என்ன பிரயோஜனம்?

அந்தப் பையன் போன வாரம் திரும்ப எழுதியிருக்கிறான். கழிவுநீர் பம்பில் மயிரும் தோல் துணுக்கும் அடைக்கிறது, இரண்டு வடிகட்டி வைத்தால் ஒன்று ஓடும்போது மற்றொன்றைக் கழுவலாம் என்று. இன்றோடு ஆறு நாள். நாளைக் காலையில் நான் வாணியம்பாடி போய்ப் பைப் அளவு பார்த்துவிட்டு வந்துதான் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். அதனால் சீக்கிரம் கிளம்புகிறேன், வணக்கம்.