சீக்கிரம் முடிந்த கச்சேரிகள்

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

பங்க் என்று வேகமான, முரட்டு ராக் இசை ஒன்று உண்டு; அதன் கச்சேரி எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்று நினைக்கிறீர்கள்? இரவு பத்து, பதினொன்று, அதற்கும் மேல். ஆனால் கலிஃபோர்னியாவில் சான் பீட்ரோ என்ற துறைமுக ஊரில் ஒருவர் தியேட்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். அதற்கு யூனியன் தியேட்டர் என்று பெயர் வைத்தார். அங்கே கச்சேரிகளை வேளையோடு தொடங்கி வேளையோடு முடித்தார். காலையில் வேலைக்குப் போக வேண்டியவன் நேரத்துக்குப் படுக்க வேண்டாமா என்பது அவர் கணக்கு. புரட்சி பேசிய ஆள்தான். தொழிலாளியின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுப் பேசுகிற புரட்சியில் அவருக்கு ஈடுபாடு இல்லை, அவ்வளவுதான்.

அவர் பெயர் டென்னிஸ் டேல் பூன். உலகத்துக்கு டி. பூன். மினிட்மென் என்ற மூவர் குழுவில் கிட்டார் வாசித்தவர், பாடியவர். 1958 ஏப்ரல் 1 பிறந்த நாள். 1985 டிசம்பர் 22 இறந்த நாள். 27 வயதில் செத்துப்போன ராக் கலைஞர்கள் என்று ஒரு பட்டியலை அடிக்கடி காட்டுவார்கள். அதில் இவரைக் கொண்டுபோய்ச் செருகுவது எனக்குப் பிடிப்பதில்லை. இவர் போதையில் போகவில்லை, தன்னை அழித்துக்கொள்ளவும் இல்லை. வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு மனிதர், சில நாட்களிலேயே நெடுஞ்சாலையில் இறந்தார். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஊரைச் சொல்ல வேண்டும்.

சான் பீட்ரோ 1909 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் ஒரு பகுதி. வரைபடத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். நகரம் வடக்கே எங்கேயோ இருக்கிறது. துறைமுகம் வேண்டும் என்பதற்காக ஒரு நீண்ட மெல்லிய நிலத்துண்டைச் சேர்த்துக்கொண்டு, அதன் வழியாகக் கடல்வரை கையை நீட்டி இந்த ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். ஹாலிவுட்டின் பளபளப்பு இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. குரோஷியர்களும் இத்தாலியர்களும் ஜப்பானியர்களும் மீன் பிடித்த ஊர். எதிரே டெர்மினல் தீவில் சூரை மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் இருந்தன. அங்கிருந்த ஜப்பானிய மீனவர் குடியிருப்பை 1942இல் அரசு துடைத்து எடுத்தது. தொழிற்சங்க ஊரும்கூட. 1923இல் துறைமுக வேலைநிறுத்தத்தின்போது எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் இங்கே ஒரு மேட்டில் ஏறி நின்று அமெரிக்க அரசியல் சாசனத்தைப் படித்தார். பேச்சுரிமை பற்றிய பகுதியைப் படித்ததற்காகவே கைது செய்தார்கள்.

டி. பூனின் அப்பா முன்னாள் கடற்படைக்காரர். கார்களுக்கு ரேடியோ பொருத்துவது தொழில். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் படைக் கொட்டடிகளைக் குடியிருப்பாக மாற்றியிருந்தார்கள். அங்கேதான் குடும்பம் இருந்தது. மைக் வாட் என்ற பையனும் கடற்படை வீட்டுப் பிள்ளை. 1967இல் அப்பாவின் பணி நிமித்தம் வர்ஜீனியாவிலிருந்து வந்தவன். இருவரும் சந்தித்த விதம் பீட்ரோவில் புராணம் போலச் சொல்லப்படும். பெக் பூங்காவில் வாட் நடந்துகொண்டிருக்க, மரத்திலிருந்து ஒரு குண்டுப் பையன் அவன் மேலே குதித்தான். வேறு யாரோ என்று நினைத்துவிட்டானாம். அப்புறம் பேச ஆரம்பித்தான். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு, விழுந்து விழுந்து சிரிக்க வைக்கும் பேச்சு. இவ்வளவு அறிவாளியா என்று வாட் வாயைப் பிளந்தார். அத்தனையும் நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லினின் இசைத்தட்டிலிருந்து மனப்பாடம் செய்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

பள்ளி விட்டதும் பையன்கள் தெருவில் சுற்றக் கூடாது என்று டி. பூனின் அம்மாவுக்குக் கவலை. நீ கிட்டார் வாசி, உன் தோழன் பேஸ் வாசிக்கட்டும் என்று உட்கார வைத்தவர் அவர்தான். பேஸ் கிட்டார் என்பது நான்கு தடித்த கம்பிகளோடு தாழ்ந்த ஒலி தருவது; அது என்ன என்றே வாட்டுக்குத் தெரியாது. சாதாரணக் கிட்டாரில் நான்கு கம்பிகளை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார். சுருதி சேர்ப்பது என்று ஒன்று இருப்பதும் தெரியாது. கம்பியை எவ்வளவு முறுக்குவது என்பது அவரவர் விருப்பம் என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். சுருதி சுத்தத்துக்காகத் தம்புராவைப் பத்து நிமிடம் மீட்டுகிற மரபில் வந்த நமக்கு இதைக் கேட்டால் உடம்பு கூசும்தான். அந்த அம்மா 1978இல் இறந்துவிட்டார். மகன் மேடை ஏறி நிமிர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்த ஊரில் சொந்தமாகப் பாட்டு எழுதலாம் என்ற எண்ணமே யாருக்கும் கிடையாது. பாட்டு என்பது இசைத்தட்டில் வருவது. கச்சேரி என்பது பல்லாயிரம் பேர் கூடும் அரங்கில், தூரத்தில் எறும்பு மாதிரி தெரியும் யாரோ செய்வது. இவர்கள் வேலை அதைக் காப்பியடிப்பது. டி. பூனுக்குக் கிரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் குழு உயிர். இருவருக்கும் ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட். பிறகு ஹாலிவுட்டுக்குப் போய் முதல் பங்க் கச்சேரிகளைப் பார்த்தார்கள். மேடையில் ஒருவன் தப்புத் தப்பாக வாசிக்கிறான். இறங்கி வந்து பக்கத்திலேயே நின்று அடுத்த குழுவைப் பார்க்கிறான். அட, இதை நாமும் செய்யலாமே! பங்க் அவர்களுக்குக் கொடுத்தது ஒரு பாணியை அல்ல, இந்த அனுமதியை. என் பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் வடக்கே கடற்கரையோரம் ஹெர்மோசா பீச். அங்கே கிரெக் கின் என்பவர் பிளாக் ஃப்ளாக் குழுவை நடத்திவந்தார். சிறு வயதிலிருந்தே வானொலி உபகரண வியாபாரம் செய்தவர். அந்த வியாபாரத்தின் பெயரையே சுருக்கி எஸ்எஸ்டி என்று இசைத்தட்டு நிறுவனம் ஆக்கினார். பிளாக் ஃப்ளாக் 1979இல் மன்ஹாட்டன் பீச் பூங்காவில் வாசித்தபோது, பிள்ளைகுட்டிகளோடு உல்லாசமாக வந்திருந்த குடும்பங்கள் சாப்பாட்டை எடுத்து அவர்கள் மேல் எறிந்த கதை பிரசித்தம். கின்தான் மினிட்மென்னுக்கு முதல் வாய்ப்பைத் தந்தவர். எஸ்எஸ்டியின் முதல் வெளியீடு பிளாக் ஃப்ளாக்கின் தட்டு. இரண்டாவது 1980இல் வந்த மினிட்மென்னின் ‘பாரனாய்ட் டைம்’. ஒரே இரவில் பதிவும் ஒலிக்கலவையும் முடிந்தது. ஏழு பாடல்கள், மொத்தம் ஏழு நிமிடத்துக்கும் குறைவு.

பாட்டு ஒரு நிமிடம் என்பதால் வந்த பெயரா மினிட்மென் என்று கேட்பார்கள். இல்லை. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட ஊர்ப்படையினரின் பெயர் அது. 1960களில் ஒரு வலதுசாரிக் கும்பல் அதைத் திருடி வைத்துக்கொண்டிருந்தது. அதைக் கேலி செய்யத்தான் இவர்கள் எடுத்தார்கள். பாட்டின் நீளத்துக்கு இங்கிலாந்தின் வயர் குழுதான் முன்மாதிரி. சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது, பல்லவியை மூன்று தடவை எதற்குத் திருப்பிப் பாட வேண்டும்? டிரம்ஸ் வாசித்த ஜார்ஜ் ஹர்லி அலைச்சறுக்கு வீரர். மூன்றாவது பீட்ரோ பையன்.

சிக்கனமாக வாசிப்போம் என்பதுதான் அவர்கள் தாரக மந்திரம். ‘எக்கோனோ’ என்பார்கள். இதில் ஏழ்மைப் பெருமை எதுவும் இல்லை. யாரிடமும் கடன் இல்லை என்றால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஸ்டூடியோ வாடகை குறைவான நள்ளிரவுக்கு மேல் பதிவு செய்தார்கள். ஆல்பத்தில் வரும் வரிசையிலேயே பாடினார்கள், பிறகு நாடாவை வெட்டி ஒட்டும் செலவு மிச்சம். வேனைத் தாங்களே ஓட்டினார்கள், சாமான்களைத் தாங்களே சுமந்தார்கள். சுற்றுப்பயணம் முடிந்தால் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

வேலையை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் இந்தக் கணக்கு இசைக்குள்ளேயே இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ராக் இசையில் கிட்டார்தான் எசமான். பேஸ் பின்னால் கைகட்டி நிற்கும். டி. பூன் தன் கிட்டாரின் ஒலியை முழுக்க ட்ரெபிள் பக்கம், அதாவது உச்ச ஒலிப் பக்கம், தள்ளினார். கீச்சென்று, மெல்லிசாக, தகரத்தைச் சுரண்டுவது போல. அடித்தட்டு முழுவதையும் வாட்டின் பேஸுக்கும் ஹர்லியின் டிரம்ஸுக்கும் காலி செய்துவிட்டார். சமத்துவத்தைப் பாட்டின் வரிகளில் எழுதிவிட்டு ஒலிபெருக்கியில் சர்வாதிகாரம் செய்தவர்கள் எத்தனையோ பேர். இவர் ஒலியிலேயே நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார். மேடையிலோ அந்தப் பருத்த உடம்போடு எம்பி எம்பிக் குதிப்பார். ராக் நட்சத்திரத்தின் உடல் எப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணம் ஒவ்வொரு குதியிலும் நொறுங்கும்.

1984இல் ‘டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்’ வந்தது. ‘டபுள் நிக்கல்ஸ்’ என்றால் லாரி ஓட்டுநர்கள் பேச்சில் 55, அப்போதைய நெடுஞ்சாலை வேக வரம்பு. தோழமைக் குழுவான ஹஸ்கர் டூ இரட்டை ஆல்பம் செய்கிறது என்று தெரிந்ததும், நாமும் விடக் கூடாது என்று எழுதிக் குவித்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள். பங்க், ஃபங்க் என்ற கறுப்பர்களின் நடன இசை, ஜாஸ், நாட்டார் மெட்டு எல்லாம் உண்டு. யாருக்கு எந்தப் பக்கம் என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் கார் எஞ்சின் உறுமலோடு அவரவர் பக்கம் தொடங்கும். அட்டையில் வாட் தன் ஃபோக்ஸ்வாகன் காரைச் சரியாக 55 மைல் வேகத்தில் ஓட்டுகிறார். தலைக்கு மேலே சான் பீட்ரோ என்ற வழிகாட்டிப் பலகை. 55க்குள் ஓட்ட முடியவில்லையே என்று அப்போது ஒரு ராக் நட்சத்திரம் பாடிக்கொண்டிருந்தார். நீங்கள் காரை வேகமாக ஓட்டிக்கொண்டு பத்திரமான பாட்டுப் பாடுங்கள், நாங்கள் பத்திரமாக ஓட்டிக்கொண்டு துணிந்த பாட்டுப் பாடுகிறோம் என்பது கிண்டல்.

அதில் இரண்டு பாடல்களைப் பற்றி மட்டும். டி. பூன் வேலை பார்த்த இடத்தில் கறுப்பர்களின் இசையை ரேடியோவில் கேட்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் தடுத்தார், அதுவும் இழிசொல்லோடு. அந்தக் கோபம்தான் ‘திஸ் எய்ன்ட் நோ பிக்னிக்’. அதன் வீடியோவைச் சொற்பக் காசில் எடுத்தார்கள். அப்போதைய அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் முன்பு நடிகராக இருந்த காலத்து போர்ப்படக் காட்சிகளை வெட்டிச் சேர்த்தார்கள். விமானத்தில் வரும் ரீகன் கீழே வாசித்துக்கொண்டிருக்கும் மூவர் மீது குண்டு போடுகிறார்! எல் சல்வடாரிலும் நிகரகுவாவிலும் ரீகன் அரசு செய்துகொண்டிருந்ததை எதிர்த்து விடாமல் பாடியவர் டி. பூன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கேலியின் கூர்மை புரியும்.

இன்னொன்று ‘கொரோனா’. அமெரிக்க சுதந்திர தினத்துக்கு நண்பர்கள் மெக்சிகோ கடற்கரைக்குப் போனார்கள். விடிந்ததும் ஒரு பெண் காலி பீர் பாட்டில்களைப் பொறுக்குகிறாள், திருப்பிக் கொடுத்தால் சில்லறை கிடைக்கும் என்று. கொண்டாட வந்தவன் கையில் அவளுக்குக் கொடுக்க இருப்பதும் அந்தக் காலி பாட்டில்தான். அந்தக் கூச்சம்தான் பாட்டு. மெட்டு என்னவோ துள்ளிக் குதிக்கிற மெக்சிகோ ஊர்மெட்டு. 2000இல் எம்டிவி தொலைக்காட்சியின் ‘ஜாக்கஸ்’ நிகழ்ச்சி அதன் தொடக்கத்தை முகப்பு இசையாக எடுத்துக்கொண்டது. ஆட்கள் தங்களையே அடித்துக்கொள்ளும் கோமாளி நிகழ்ச்சி. எங்கே வந்து சேர்ந்தது பாருங்கள் என்று எனக்குக் கசப்பு இருந்தது. அந்தப் பணம் நோயுற்றிருந்த டி. பூனின் அப்பாவுக்குப் போனதாக வாட் சொன்னதை அறிந்தபின் வாயை மூடிக்கொண்டேன்.

டி. பூன் ஓவியரும்கூட. 1985இல் வந்த ‘ப்ராஜெக்ட்: மெர்ஷ்’ தட்டின் அட்டையை வரைந்தவர் அவரே. ‘மெர்ஷ்’ என்றால் ‘கமர்ஷியல்’ என்பதன் சுருக்கம். அந்த ஓவியத்தில் இசை நிறுவன அதிகாரிகள் கூடி உட்கார்ந்து, இவர்களை ஹிட் பாட்டு எழுத வைத்தால் என்ன என்று யோசிக்கிறார்கள். உள்ளேயும் பல்லவி, ட்ரம்பெட் எல்லாம் வைத்து ஹிட் பாட்டு மாதிரியே செய்திருந்தார்கள். முந்தைய ஆல்பம் அளவுக்குக்கூட அது விற்கவில்லை. இதைவிடச் சுத்தமான ஜோக் இசையுலகில் அபூர்வம்.

அந்த ஆண்டின் கடைசியில் ஆர்.ஈ.எம். குழுவின் கச்சேரிகளில் அவர்களுக்கு முன்னதாக மேடையேறி வாசிக்கும் சுற்றுப்பயணம் டிசம்பர் 13 அன்று வட கரோலினாவின் ஷார்லட்டில் முடிந்தது. ஊர் திரும்பினார்கள். 22ஆம் தேதி அரிசோனா பாலைவனத்தில் பத்தாம் எண் நெடுஞ்சாலை. வேனில் டி. பூனும் காதலியும் அவளுடைய சகோதரியும். காய்ச்சலாக இருந்ததால் இவர் பின்னால் படுத்திருந்தார், இருக்கைப் பட்டி இல்லை. வேன் சாலையை விட்டு விலகியது. பின்கதவு வழியாகத் தூக்கி எறியப்பட்டவர் கழுத்து முறிந்து அங்கேயே இறந்தார்.

வாட் பேஸைத் தொடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஒஹையோவிலிருந்து எட் க்ராஃபர்ட் என்ற இளைஞன், மினிட்மென் ரசிகன், தொலைபேசிப் புத்தகத்தில் வாட்டின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டான். உங்களோடு வாசிக்க வேண்டும் என்று பீட்ரோவுக்கே வந்து நின்றான். 1986இல் அவனும் வாட்டும் ஹர்லியும் சேர்ந்து ஃபயர்ஹோஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். முதலில் சொன்னேனே, அந்த அனுமதி. அதை இவர்களிடமிருந்து வாங்கிக்கொண்ட ஒரு பையன், இவர்களுக்கே அதைத் திருப்பிக் கொடுக்க வந்தான். ரசிகனைக் கூட்டாளியாக நடத்திய குழுவுக்குத்தான் இது நடக்கும். நட்சத்திரங்களின் வீட்டுக்கு ரசிகர்கள் போனால் காவல்காரர்தான் வெளியே வருவார்.

வாட் பிறகு எத்தனையோ பேரோடு வாசித்தார், 2003 முதல் ஸ்டூஜஸ் குழுவிலும். தன் ஆல்பங்களை டி. பூனுக்குச் சமர்ப்பிப்பதை அவர் விடவில்லை. 2005இல் மினிட்மென் பற்றிய ஆவணப்படம் சான் பீட்ரோவின் வார்னர் கிராண்ட் தியேட்டரில்தான் முதலில் திரையிடப்பட்டது. ஹாலிவுட்டுக்கு அவர்கள் போகவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. ‘டபுள் நிக்கல்ஸ்’ ஆல்பத்தில் ‘ஹிஸ்டரி லெசன் பார்ட் டூ’ என்று ஒரு பாட்டு, இரண்டே நிமிடம், மெதுவாகப் போகும். வாட் எழுதியது, டி. பூன் பாடுவது. பீட்ரோவின் இரண்டு பையன்கள் எப்படி இசைக்கு வந்தார்கள் என்ற கதையை ஹார்ட்கோர் என்ற அதிவேக பங்க் இசையின் ரசிகர்களுக்குப் பொறுமையாகச் சொல்கிறார்கள். நாங்கள் உங்களைப் போன்றவர்கள்தான் என்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு ஆல்பத்தை முதலிலிருந்து, வரிசை மாற்றாமல், எஞ்சின் சத்தத்தோடு சேர்த்துக் கேளுங்கள். முதல் தடவை ஒன்றும் பிடிபடாது, எனக்கும் பிடிபடவில்லை. பாட்டெல்லாம் சின்னது என்பதால் இரண்டாம் தடவை கேட்க அதிக நேரம் ஆகாது. நன்றி, வணக்கம்.