தலைக்கு வராத தொப்பிகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2024 மார்ச் 26 அன்று குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராகக் களமிறங்கியபோது, சுனில் சேத்ரி நாட்டுக்காகத் தமது 150ஆவது ஆட்டத்தை ஆடினார். கால்பந்து உலகில் இதை 150ஆவது 'கேப்', அதாவது தொப்பி, என்பார்கள். நம் நாளிதழ்கள் 'சர்வதேசப் போட்டி' என்று எழுதிவிடுவதால் அந்தத் தொப்பி நம் காதுக்கு எட்டுவதில்லை. நமக்குத் தொப்பி என்றாலே கிரிக்கெட்தான். அங்கே முதல் ஆட்டத்தன்று தரப்படும் தொப்பியின் எண், நாட்டுக்காக ஆட வந்தவர்களின் வரிசையில் அவர் எத்தனையாவது ஆள் என்பதைக் குறிக்கும். கால்பந்திலோ அந்த எண் ஒருவர் ஆடிய ஆட்டங்களின் கணக்கு.

வழக்கம் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோ நகரில் ஒரு கிரிக்கெட் திடலில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதல் சர்வதேசப் போட்டி கோல் ஏதுமின்றி முடிந்தது. ஆட்டக்காரர்கள் தலையில் தொப்பியோடுதான் ஆடினார்கள். ஓர் அணி முழுவதும் ஒரே சீருடை அணிவது நிலைபெறுவதற்கு முன்பு, எவர் எந்தப் பக்கம் என்று காட்டத் தொப்பியின் நிறமும் உதவிற்று. 1886 மே மாதத்தில், கொரிந்தியன் என்ற கால்பந்துக் கழகத்தைத் தொடங்கிய லேன் ஜாக்சன் என்பவர், இங்கிலாந்துக்காக ஆடுவோருக்கு முகப்பில் சிவப்பு ரோஜா பின்னிய வெள்ளைப் பட்டுத் தொப்பி வழங்க வேண்டும் என முன்மொழிந்தார். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஏற்றுக்கொண்டது. பிறகு நிலைத்த தொப்பி என்னவோ குஞ்சம் தொங்கும் வெல்வெட் தொப்பிதான். அதைப் போட்டுக்கொண்டு தலையால் பந்தை முட்ட முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

'கேப்' என்ற பெயரும் கையில் கிடைக்கும் தொப்பியும் வெகு சீக்கிரமே பிரிந்தன. உலகக் கோப்பை போன்ற ஒரு தொடரில் எத்தனை ஆட்டம் ஆடினாலும், எதிரணிகளின் பெயர்களைத் தாங்கிய ஒரே தொப்பிதான் இங்கிலாந்தில் தரப்பட்டது. அதனால் 2008இல் பாரிஸ் நகரில் டேவிட் பெக்கம் நூறாவது முறை ஆடியபோது, அவர் கைக்கு வந்த துணித் தொப்பி 85ஆவதுதான். கணக்கும் ஒரு கட்டத்தில் மலிந்தது. 2003 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான நட்புப் போட்டியில், இங்கிலாந்துப் பயிற்சியாளர் எரிக்சன் இடைவேளையில் பதினொரு பேரையும் மொத்தமாக மாற்றினார்; பாதி ஆட்டம் ஆடியவருக்கும் முழுக் கணக்கு ஏறியது. நட்புப் போட்டிகளில் ஓர் அணிக்கு ஆறு மாற்று ஆட்டக்காரர்களுக்கு மேல் கூடாது என்று ஃபிஃபா மறு ஆண்டே வரம்பு கட்டியது.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்துவது, ஆடியும் தொப்பி பெறாதவர்களின் கதை. ஸ்காட்லாந்துச் சங்கம் 1970கள் வரை இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து என்ற அண்டை அணிகளுக்கு எதிராக ஆடியவர்களுக்கு மட்டுமே தொப்பி தந்தது. ஸ்டூவர்ட் இம்லாக் என்ற இடதுபுற முன்கள வீரர் 1958இல் ஹங்கேரி, போலந்து, யுகோஸ்லாவியா, பிரான்ஸ் ஆகிய நான்கு அணிகளுக்கு எதிராக ஆடினார். கடைசி இரண்டும் உலகக் கோப்பை ஆட்டங்கள். பதிவேட்டில் அவருக்கு நான்கு 'கேப்', வீட்டில் ஒரு தொப்பிகூட இல்லை. அவர் 2001இல் காலமானார். மகன் விடாமல் வாதாடிய பிறகு, 2006இல் சங்கம் மனமிரங்கி, அப்படி விடுபட்டவர்களுக்கெல்லாம் தொப்பி தர இசைந்தது. உலகக் கோப்பையில் ஆடியவருக்குத் தொப்பி இல்லை, பக்கத்து நாட்டோடு ஆடியவருக்கு உண்டு என்ற விதியை அத்தனை ஆண்டுகள் எவரும் மாற்றாமல் விட்டதற்கு என்னால் ஒரு நியாயமும் கற்பிக்க முடியவில்லை.

பெண்களுக்கு நேர்ந்தது இதைவிட நெடியது. 1921இல் தன் ஆளுகைக்கு உட்பட்ட திடல்களில் பெண்கள் ஆடக் கூடாதென்று தடுத்த இங்கிலாந்துச் சங்கம், 1970இல்தான் அந்தத் தடையை விலக்கியது. ஆண்களின் முதல் போட்டிக்கு நூறாண்டு நிறையப் பன்னிரண்டு நாள் இருக்கையில், 1972 நவம்பர் 18 அன்று, ஸ்காட்லாந்தின் கிரீனாக் நகரில் இங்கிலாந்துப் பெண்கள் அணி தன் முதல் போட்டியை ஆடிற்று. இரண்டு கோல் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு 3-2 என வென்றது. அந்தப் பெண்களுக்கான தொப்பிகளைப் பெண்கள் கால்பந்துச் சங்கத்தைச் சேர்ந்த ஃப்ளோ பில்டன் என்ற அம்மையார் தம் கையாலேயே தைத்தார். முதன்மைச் சங்கத்திடமிருந்து அவர்களுக்குத் தொப்பி வந்தது 2022இல், ஐம்பது ஆண்டு கழித்து. அணித்தலைவி ஷீலா பார்க்கர் உள்ளிட்டோர் அதைக் காண இருந்தார்கள். இங்கிலாந்துப் பெண்கள் அணியின் முதல் கோலை அடித்த சில்வியா கோர் 2016இலேயே இறந்துவிட்டிருந்தார்.